சின்ன வீடு, பெரிய வளவு: வன்னி வீட்டுச் சாமான்களை ஒழுங்குபடுத்த ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் அம்மாவிடம் ஓர் உரப்பை இருக்கிறது. அதற்குள் 43 உரப்பைகள் இருந்தன. கழுவி, காயவைத்து, நாலாய் மடித்து, வாயைக் கயிற்றால் கட்டிக் கட்டிலுக்குக் கீழே தள்ளி வைத்திருந்தார். போன பங்குனியில் நான் அதை இழுத்து எண்ணத் தொடங்கியதும், "எறிஞ்சு போடாதை பிள்ளை, தேவைப்படும்" என்றார். எதற்கு என்று கேட்டேன். "அந்த நேரம் ஒரு உரப்பைக்கு எவ்வளவு அலைஞ்சனாங்கள் எண்டு மறந்து போச்சே?"

மறக்கவில்லை. 2009இல், இலங்கையின் வடக்கே வன்னியில் போர் நடந்தபோது, பதுங்குகுழிக்கு மண்மூட்டை கட்டப் பை இல்லாமல் அம்மா தன் சேலைகளை வெட்டித் தைத்தபோது நூல் கோத்துக் கொடுத்தவள் நான்தான்.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. வீட்டை ஒழுங்குபடுத்தச் சொல்லித் தரும் ஆலோசனைகளில் அநேகமானவை, கடை கடையாக ஏறி வாங்கிக் குவித்தவர்களுக்கு எழுதப்பட்டவை. எங்கள் வீடுகளில் சாமான் சேர்ந்தது வேறு மாதிரி. எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடி, இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமில் ஒரு வாளியோடும் ஒரு பாயோடும் இருந்து, திரும்பி வந்து ஒவ்வொன்றாகச் சேர்த்தவர்கள் நாங்கள். அப்படிப்பட்டவரிடம் போய் "ஒரு வருடமாகப் பாவிக்காததை எறி" என்றால் காதில் விழாது. ஆகவே எங்கள் வீட்டில் நான் எறியச் சொல்லிக் கேட்பதை விட்டுவிட்டேன். இரண்டே கேள்விதான் கேட்பேன்: இது எத்தனை போதும்? இது எங்கே இருக்கும்? இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்தால் மிச்சம் தானாகவே வெளியே போகிறது.

எப்போது தொடங்குவது

வருடத்தில் இரண்டு தடவை. பங்குனியில் ஒன்று, புரட்டாசியில் ஒன்று.

பங்குனியில் காலபோக நெல், அதாவது மாரி மழைக்கு விதைத்த நெல், வெட்டி முடிந்திருக்கும். விற்பதை விற்று, கையில் கொஞ்சம் காசும் நேரமும் இருக்கும். வெயில் நன்றாக எறிக்கும், சித்திரை வருடப்பிறப்புக்கு எப்படியும் வீடு கழுவத்தான் வேண்டும். கழிப்பதற்கான காலம் அது. புரட்டாசி வேறு. எங்கள் பக்கத்து மழையில் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கி மார்கழிக்குள் கொட்டிவிடும். அதற்கு முன் நனையக் கூடாததை உள்ளேயும், உள்ளே இருப்பதை உயரத்திலும் வைத்துவிட வேண்டும். பங்குனியில் கழிப்பது, புரட்டாசியில் உயர்த்துவது. இரண்டையும் ஒரே தடவையில் செய்யப் போனால் ஒன்றும் நடக்காது.

எங்களுடையது வீட்டுத்திட்ட வீடு. ஏறத்தாழ 550 சதுர அடி, இரண்டு அறை, ஒரு ஹோல், ஒரு குசினி, ஒரு சின்ன விறாந்தை. இந்த அளவு வீட்டுக்கும் வளவுக்கும் சேர்த்து ஐந்து நாள் ஒதுக்குங்கள், ஒரு நாளைக்கு அரை நாள் வீதம். ஒரே நாளில் முடிக்கிறேன் என்று முழு வீட்டையும் முற்றத்தில் இறக்கினால் பின்னேரம் இருட்டும் நேரம் எல்லாம் அள்ளுப்பட்டுப் பழைய இடத்துக்கே போகும். நான் இரண்டு வருடம் அப்படித்தான் செய்தேன்.

தொடங்குவதற்கு முந்திய நாள்: ஒன்றையும் தொடாதீர்கள்

ஒரு பழைய கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடங்கள். ஒவ்வொரு இடத்திலும் என்ன கிடக்கிறது, அது யாருடையது என்று மட்டும் எழுதுங்கள். "கட்டிலுக்குக் கீழ்: உரப்பை (அம்மா), பழைய சப்பாத்து (தம்பி), உடைந்த காற்றாடி (யாருமில்லை)." அந்த "யாருமில்லை" என்று எழுதியவைதான் முதலில் போக வேண்டியவை. ஆச்சரியமாக, எங்கள் வீட்டில் பாதிக்கு மேல் அந்த வகை.

ஒரு சட்டம்: மற்றவருடைய சாமானை அவரைக் கேட்காமல் வெளியேற்றக் கூடாது. இதை நான் அடிபட்டுத்தான் படித்தேன். பழைய இரும்பு வாங்க ஒருவர் வந்தபோது, சாமான் போடும் பத்திக் கொட்டிலுக்குள் கறள் பிடித்துக் கிடந்த பெற்றோல்மக்ஸ் விளக்கை 300 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டேன். அது அப்பாவுடையது. கண்ணாடி உடைந்து, பம்பும் போய், எரியவே எரியாது. அம்மா திட்டவில்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவும் இல்லை. மூன்றாம் நாள் "அதிலதானே கொப்பர் இரவில தண்ணி கட்டப் போறவர்" என்று மட்டும் சொன்னார். அந்த விளக்கு எங்கே உருகியதோ தெரியாது.

ஆகவே பெரியவர்களிடம் அந்த முந்திய நாளே பேசிவிடுங்கள். "இதை வைத்திருக்கவா, எறியவா?" என்று கேட்டால் பதில் எப்போதும் "வை" என்றுதான் வரும். "இதில் எத்தனை வேணும் அம்மா?" என்று கேட்டுப் பாருங்கள். ஓர் எண் வரும்.

முதல் நாள்: வளவிலிருந்து தொடங்குங்கள்

வீட்டுக்குள்ளிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைப்பீர்கள். வேண்டாம். எங்கள் வீடுகள் சின்னன், வளவு பெரிது. உள்ளே இடம் இல்லாததெல்லாம் வெளியே பத்திக்குள்ளும் மரத்தடியிலும் தறப்பாளுக்குக் கீழேயும் போய்ச் சேரும். மாரி தொடங்கியதும் அதில் பாதி திரும்ப உள்ளே வரும். வெளியே துப்புரவாக்காமல் உள்ளே எவ்வளவு அடுக்கினாலும் கார்த்திகையில் ஹோல் நிரம்பிவிடும்.

காலை வெயில் ஏறிய பிறகு தொடங்குங்கள். சப்பாத்துப் போடுங்கள், நீளமான தடி ஒன்று கையில் இருக்கட்டும். வன்னியில் தகரத்துக்கும் விறகுக்கும் கல்லுக்கும் கீழே என்ன படுத்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. தகரத்தை உயர்த்தும்போது உங்களுக்கு எதிர்ப்பக்க விளிம்பைத் தடியால் நெம்பி உங்கள் பக்கமாகச் சாய்த்து உயர்த்துங்கள். அப்படிச் செய்தால் உள்ளே இருப்பது மற்றப் பக்கத்தால் ஓடும், தகரம் உங்களுக்கும் அதற்கும் நடுவே நிற்கும். கைப்பக்க விளிம்பைத் தூக்கினால் அது நேரே காலடிக்கு வரும். பாம்பு கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, பார்வை பார்க்கப் போவது எல்லாம் வேண்டாம். கடித்த காலை அசைக்காமல் 1990க்கு அடித்து அம்புலன்சைக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று, எங்கள் மண்ணுக்கே உரியது. பழைய இரும்பு குவியலிலோ, மண் கிண்டும்போதோ இனந்தெரியாத உலோகத் துண்டு ஏதாவது கண்ணில் பட்டால், கறள் பிடித்திருந்தாலும், பாதியாக இருந்தாலும் தொடாதீர்கள், தட்டாதீர்கள், தூக்கி எறியவும் வேண்டாம். அந்த இடத்துக்கு ஒரு அடையாளம் வைத்து, பிள்ளைகளைத் தள்ளி வைத்து, 119 பொலிஸுக்கோ கிராம அலுவலருக்கோ சொல்லுங்கள். கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் எங்கள் மாவட்டங்களில் நடந்துகொண்டுதான் இருக்கிறது. இரும்பு கிலோ விலைக்காக வெட்டிப் பார்த்து உயிரை விட்டவர்கள் உண்டு.

சரி, வளவில் என்ன கிடக்கும்? முதலில் தகரம். மீள்குடியேறியபோது தற்காலிகக் கொட்டிலுக்குத் தந்த தகரங்கள் இன்னும் எத்தனையோ வீடுகளில் உண்டு. ஓட்டை விழாதவற்றை வைத்திருங்கள், கோழிக்கூட்டுக்கும் பத்திக்கும் உதவும். ஆனால் நிலத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கப் போடாதீர்கள். இரண்டு தகரத்துக்கு நடுவே நிற்கும் தண்ணீர், வெள்ளைப் பூப் பூத்ததுபோல் துத்தநாகப் பூச்சைத் தின்றுவிடும். கல்லின் மேல் வைத்து, சுவரில் சாய்வாக நிறுத்துங்கள், தண்ணீர் வடிந்து போகட்டும்.

மரமும் பலகையும் அதே மாதிரிக் கல்லின் மேல். நிலத்தோடு தொட்டுக் கிடந்தால் கறையான் ஏறுவது தெரியாது. ஒரு சாண் உயரத்தில் இருந்தால் கல்லின் பக்கத்தில் மண்குழாய் ஏறுவது கண்ணில் படும், அன்றே தட்டிவிடலாம்.

பிறகு தண்ணீர் தேங்கும் சாமான்கள். உடைந்த பரல், பழைய டயர், சிரட்டை, இளநீர்க் கோம்பை, யோகட் கப், மூடி போன வாளி. டெங்கு நுளம்பின் முட்டை பறக்கும் நுளம்பாக மாற ஒரு கிழமை, பத்து நாள் போதும். தண்ணீரை ஊற்றிக் கவிழ்த்து வைத்தால் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். முட்டை பாத்திரத்தின் உட்சுவரில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும். காய்ந்தபடியே மாதக்கணக்கில் கிடந்து அடுத்த மழைக்குப் பொரிக்கும். வைத்திருக்கப் போகும் வாளியைத் தும்பால் நன்றாகத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். டயரில் கத்தரியோ மிளகாயோ நடுவதென்றால் மண் நிரப்பி நடுங்கள். இல்லையென்றால் வாங்குபவரிடம் கொடுத்துவிடுங்கள். வெறும் டயரை வைத்திருப்பதற்கு ஒரு காரணமும் இல்லை.

வயலுக்கு அடிக்கும் கிருமிநாசினிப் போத்தல்களுக்குத் தனியாக ஒரு பெட்டி வேண்டும், பூட்டோடு. குசினிக்குள்ளோ கட்டிலுக்குக் கீழேயோ இருக்கவே கூடாது. வயலில் மிச்சம் வந்த மருந்தைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கும் பழக்கம் எங்கள் பக்கம் இன்னும் போகவில்லை. அதை இன்றோடு நிறுத்துங்கள். பழைய மருந்தைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ ஊற்றாமல், என்ன செய்வதென்று கமநல சேவை நிலையத்தில் கேளுங்கள். மண்வெட்டி, கோடரி, கத்தி, மருந்தடிக்கும் தாங்கி எல்லாம் பத்திச் சுவரில் ஆணி அடித்துத் தொங்கட்டும். மண்வெட்டி நிலத்தில் கிடந்தால் அதன்மேல் ஒரு பை வரும், பையின்மேல் ஒரு கயிறு வரும், அடுத்த மாதம் அது ஒரு குவியல்.

இரண்டாம் நாள்: ஒரே ஒரு பை

வீட்டுக்குள் வந்ததும் முதலில் கடதாசி. உடுப்பும் பாத்திரமும் போனால் வாங்கலாம். பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் முகாமில் நின்றவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

முழு வீட்டிலும் உள்ள கடதாசிகளை ஒரு பாயில் கொட்டுங்கள். அலுமாரி லாச்சி, சாமிப் படத்துக்குப் பின்பக்கம், மெத்தைக்குக் கீழ், கலண்டருக்குப் பின்னால், அம்மாவின் கைப்பை, ஒன்றும் விடாமல். எங்கள் வீட்டில் காணி அனுமதிப்பத்திரம் அரிசி ரின்னுக்குள் இருந்தது. எலி தொடாத இடம் அதுதான் என்று வைத்தாராம். அம்மாவின் நியாயத்தில் பிழை இல்லை.

மூன்று கும்பலாகப் பிரியுங்கள்.

முதலாவது, தொலைந்தால் வாழ்க்கை நின்றுவிடும் மூலப் பத்திரங்கள்: பிறப்பு, விவாக, மரணச் சான்றிதழ்கள், அடையாள அட்டை, கடவுச்சீட்டு, காணி உறுதி அல்லது அனுமதிப்பத்திரம், வீட்டுத்திட்டக் கடிதங்கள், வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் பரீட்சைச் சான்றிதழ்கள், தடுப்பூசி போட்ட விபரம் உள்ள குழந்தையின் வளர்ச்சிக் கொப்பி, கிளினிக் கொப்பி, வாகனப் புத்தகம். வீட்டில் யாராவது காணாமல் போயிருந்தால், கொடுத்த முறைப்பாடுகளின் பிரதிகள், வந்த கடிதங்கள், பதிந்த துண்டுகள், ஒன்று விடாமல் இந்தக் கும்பலில்தான். எந்தத் துண்டு எப்போது கேட்கப்படும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இரண்டாவது, கொஞ்சக் காலத்துக்குத் தேவையானவை: மின்சாரப் பட்டியல், நுண்கடன் அல்லது நகை அடகுச் சிட்டை, உத்தரவாத அட்டை. அடகுச் சிட்டையும் வங்கி மெசின் துண்டும் சில வேளை சூட்டில் அச்சாகும் வழுவழுப்பான தாளில் வரும். அந்த எழுத்து சில மாதங்களில் மங்கி வெறும் வெள்ளையாகிவிடும். வாங்கிய அன்றே படம் எடுங்கள் அல்லது பிரதி எடுங்கள்.

மூன்றாவது மிச்சமெல்லாம். கலியாணக் கார்ட், பழைய கலண்டர், மூன்று வருடத்துக்கு முந்திய மின்பட்டியல். வடைக் கடைக்குப் பழைய தாள் கொடுப்பதென்றால் அடையாள அட்டை இலக்கமும் வங்கிக் கணக்கு இலக்கமும் உள்ளவற்றைப் பிரித்தெடுத்துக் கிழித்து அடுப்பில் போடுங்கள். என் தங்கச்சி ஒரு நாள் கடலை வாங்கிய சுருளில் யாரோ ஒரு பிள்ளையின் மருத்துவ அறிக்கை இருந்தது.

முதல் கும்பலை ஒவ்வொன்றாகப் பிளாஸ்டிக் உறை வைத்த கோப்பில் போடுங்கள். மூலப் பத்திரத்தை லமினேற் பண்ணாதீர்கள். சில அலுவலகங்களில் எடுக்க மாட்டார்கள், ஒட்டியதைப் பிறகு பிரிக்கவும் முடியாது. கோப்பை ஒரு தடித்த பொலித்தீன் பைக்குள் போட்டு வாயை இரண்டு தடவை மடித்துக் கட்டி, பிறகு ஒரு தோள்பைக்குள் வையுங்கள். ஒவ்வொரு பத்திரத்தையும் கைத்தொலைபேசியில் படம் எடுத்து, வெளிநாட்டிலோ கொழும்பிலோ உள்ள நம்பிக்கையான சொந்தக்காரர் ஒருவருக்கு அனுப்பி, பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள். தொலைபேசியும் தண்ணீரில் போகும் என்பதை மறக்க வேண்டாம். ஏதாவது சான்றிதழ் கும்பலில் இல்லையென்று கண்டால் பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்துப் பிரதி எடுக்கலாம். தேவை வரும்வரை பார்த்திருக்காதீர்கள்.

அந்தப் பை எங்கே இருக்கும்? 2018 மார்கழி வெள்ளத்தில், கிளிநொச்சி மாவட்டத்தில் எங்கள் கண்டாவளைப் பக்கம் ஓர் இரவுக்குள் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. சுவரில் அந்த அடையாளம் இன்னும் இருக்கிறது, என் முழங்காலுக்குச் சற்று மேலே. வெள்ளையடிக்கும்போது நான்தான் அந்த இடத்தில் ஒரு விரல் அகலம் விடச் சொன்னேன். பை அந்தக் கோட்டுக்கு மிக மேலே, வெளிக்கதவுக்குக் கிட்ட உள்ள அறையில், கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் தொங்குகிறது. வேறெதுவும் அந்த ஆணியில் தொங்கக் கூடாது. வீட்டில் உள்ள சின்னப் பிள்ளைக்கும் தெரியும், ஓடச் சொன்னால் எதை எடுக்க வேண்டும் என்று.

மூன்றாம் நாள்: உடுப்பு

இதில் பெரிய தலையிடி எங்கள் உடுப்பு இல்லை, வெளிநாட்டிலிருந்து வந்தவை. கனடா மாமா வரும்போது ஒரு சூட்கேஸ், சுவிஸ் சித்தி வரும்போது ஒரு சூட்கேஸ். கிளிநொச்சி வெயிலில் போடுவதற்குக் குளிர் ஜக்கெற்! ஐந்து வருடமாக அலுமாரியின் கீழ்த்தட்டை அடைத்துக்கொண்டு நான்கு இருந்தன. இரண்டு தடித்த போர்வை வேறு. அனுப்பியவர் கேட்டால் என்ன சொல்வது என்ற பயத்தில் வைத்திருக்கிறோம். அனுப்பியவருக்கு அது நினைவே இல்லை. நுவரெலியாப் பக்கம் படிக்கவோ வேலைக்கோ போகும் பிள்ளைக்குக் கொடுங்கள், தோட்டப் பகுதியில் சொந்தம் உள்ளவர்களிடம் கொடுத்துவிடுங்கள். ஒன்றை வைத்துக்கொள்ளலாம், மார்கழித் திருவெம்பாவைக்கு விடியற்காலை கோயிலுக்குப் போக உதவும்.

மிச்ச உடுப்பை ஆளுக்கு நான்காகப் பிரியுங்கள்: வயலுக்குப் போடுவது, வீட்டில் போடுவது, வெளியே போடுவது, நல்லநாளுக்கு. வயல் உடுப்புக்கு இரண்டு சோடி போதும். "வீட்டில் போடலாம்" என்று சொல்லி நைந்த உடுப்பெல்லாம் அங்கே சேரும், ஆகவே அதற்கும் எண் வையுங்கள். எங்கள் வீட்டில் ஆளுக்கு ஐந்து. ஆறாவது வந்தால் ஒன்று துடைக்கும் சீலையாகும். நைந்த பருத்திச் சேலை மட்டும் விதிவிலக்கு, அதைவிட மெல்லிய துணி பிறக்கும் குழந்தைக்குக் கிடைக்காது. கிழிந்ததைத் தானம் கொடுக்காதீர்கள். முகாமில் வரிசையில் நின்று அப்படி ஒரு பொதி வாங்கிப் பிரித்துப் பார்த்தவள் சொல்கிறேன்.

கூறைச் சேலையையும் பட்டையும் வருடத்துக்கு இரண்டு தடவையாவது எடுத்து நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி மடியுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் பட்டு அந்தக் கோட்டிலேயே வெடிக்கும். பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள், பொலித்தீனில் வேண்டாம். பூச்சி உருண்டை துணியில் நேரே படக் கூடாது. வேப்பிலை வைப்பதென்றால் நன்றாகக் காய்ந்ததை வையுங்கள், பச்சை இலை கறை பிடிக்கும்.

அலுமாரியில் இடம் இல்லாததற்கு ஒரே ஒரு றங்குப்பெட்டி. அதையும் நிலத்தில் வைக்காமல் கல்லின்மேல்.

நான்காம் நாள்: குசினியும் நெல்லும்

ஐஸ்கிரீம் பெட்டிகளைப் பற்றி எழுதினால் ஒரு புத்தகமாகும். சுருக்கமாக: எல்லாப் பெட்டியையும் எல்லா மூடியையும் தரையில் பரப்பிச் சோடி சேருங்கள். சோடி இல்லாத மூடியும் மூடி இல்லாத பெட்டியும் வெளியே. எங்கள் வீட்டில் 31 பெட்டிக்கு 12 மூடி. நிறுவனங்கள் தந்த ஒரே மாதிரி வாளிகள் ஏழு இருந்தன, மூன்றை வைத்தோம். சொப்பின் பைக்குள் சொப்பின் பை திணிப்பதும் அதே கதைதான், ஒரு பேணி நிரம்பும் அளவுக்கு மேல் வேண்டாம். சீதனமாகவும் அன்பளிப்பாகவும் வந்த கண்ணாடிக் குவளைப் பெட்டிகளைத் திறந்து பாவியுங்கள், அல்லது அடுத்த கலியாணத்துக்குக் கொடுத்துவிடுங்கள். விருந்தாளிக்கு என்று பத்து வருடம் மூடி வைத்த குவளையில் இதுவரை யாரும் குடிக்கவில்லை.

குசினியை உண்மையில் நெருக்குவது நெல். மூட்டை வைக்க வேறு இடமில்லாமல் ஹோலிலும் அறையிலும் அடுக்குகிறோம். பிள்ளைகள் அதன்மேல் இருந்து படிக்கிறார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் ஆள் வருடத்துக்கு நூறு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே அரிசி சாப்பிடுவார். நாலு பேர் குடும்பத்துக்கு 440 கிலோ என்று வையுங்கள். ஒரு கிலோ நெல் குத்தினால் ஏறத்தாழ 650 கிராம் அரிசி. அப்படியானால் வருடச் சாப்பாட்டுக்கு 680 கிலோ நெல். சிறுபோகமும் (கோடையில் விதைப்பது) விதைக்கக் கூடிய தண்ணீர் உள்ள இடமென்றால் அதில் பாதியை வைத்தாலே அடுத்த வெட்டுவரை போதும். விதை நெல்லையும், விருந்து திவசத்துக்கு ஒரு மூட்டையையும் சேருங்கள். அதற்கு மேல் உள்ளது விலை ஏறும் என்று காத்திருக்கும் நெல். அது எலிக்கும் அந்துக்கும் கொடுக்கும் கூலியையும் கழித்துவிட்டுத்தான் இலாபத்தைப் பார்க்க வேண்டும்.

வைக்கும் நெல்லில் ஈரம் 14 வீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. கருவி இல்லாவிட்டால் அம்மம்மா செய்ததைச் செய்யுங்கள்: ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடியுங்கள், "கடக்" என்று உடைந்தால் சரி, மெத்தென்று நசிந்தால் இன்னும் ஒரு வெயில். மூட்டையைப் பலகைக் கட்டையின்மேல் நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்திலும், சுவரிலிருந்து ஒரு பூனை நடந்து போகும் இடைவெளி விட்டும் அடுக்குங்கள். அந்த இடைவெளிக்குள் பூனை உண்மையாகவே போக வேண்டும், அதற்காகத்தான் அந்த அளவு.

விறகை உள்ளே அடுக்காதீர்கள். பத்தியில், கட்டையின்மேல், வீட்டுச் சுவரை விட்டுத் தள்ளி. மண்ணெண்ணெயும் பெற்றோல் கானும் அடுப்பு இருக்கும் பக்கமே வரக் கூடாது.

ஐந்தாம் நாள்: ஹோலும் அறைகளும்

வெளியும் கடதாசியும் நெல்லும் ஒழுங்கானால் இங்கே வேலை குறைவு. பழைய சார்ஜர், ரிமோட், தொலைபேசிப் பெட்டி: வேலை செய்வதை மட்டும் ஒரு பெட்டியில். மீந்த மாத்திரைகளில் திகதி முடிந்தவை போகட்டும். பிள்ளைகளின் பாடப்புத்தகங்களை அடுத்த வகுப்புக்கு வரும் பிள்ளைக்குக் கொடுங்கள். கடந்தகால வினாத்தாள்களை மட்டும் வைத்திருங்கள், ஊரில் யாராவது தேடி வருவார்கள்.

இடம் காணாவிட்டால் மேலே பாருங்கள். கதவு நிலைக்கு மேல் சுவர் முழுக்க ஒரு பலகைத் தட்டு அடித்தால், வருடத்துக்கு ஒருமுறை எடுக்கும் குத்துவிளக்கு, பெரிய கிடாரம், பொங்கல் பானை எல்லாம் அங்கே ஏறும். பாரமானதைச் சுவரின் இரண்டு மூலைக்குக் கிட்ட வையுங்கள், நடுவில் வைத்தால் பலகை தொய்யும். கட்டிலுக்குக் கீழ் ஒரு வரிசைப் பெட்டிக்கு மேல் வேண்டாம், விளக்குமாறு அடிச்சுவர்வரை போக வேண்டும்.

நிலத்தில் பாய் விரித்துப் படுப்பவர்கள் அந்த இடத்தைச் சுற்றி ஒரு குவியலும் இல்லாமல் பாருங்கள். கட்டுவிரியன் பாம்பு இரவில்தான் வீட்டுக்குள் வரும், சுவரோரச் சாமான்களுக்குள் ஒதுங்கும். நுளம்பு வலையின் ஓரத்தைப் பாயின் கீழே முழுச்சுற்றும் செருகிவிட்டால் நுளம்போடு அதையும் ஓரளவு தடுக்கலாம்.

எண்ணக் கூடாதவை

பக்கத்து வீட்டு மாமியின் அலுமாரியில் ஒரு சேர்ட் தொங்குகிறது. நீலக்கோடு போட்டது. மகனுடையது, 2009க்குப் பிறகு அவன் வரவில்லை. வருடத்துக்கு இரண்டு தடவை கழுவி, அயன் பண்ணித் திரும்பத் தொங்கவிடுவார். அவருக்கு நான் வீடு அடுக்கிக் கொடுத்தபோது அந்தப் பகுதியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினேன், அவ்வளவுதான். இப்படியான வீடுகளில் அந்தச் சாமான்களுக்கு முதலிலேயே நல்ல இடமாக ஒதுக்குங்கள். நனையாத, கறையான் ஏறாத, உயரமான இடம். மிச்சத்தை அதற்குப் பிறகு மிஞ்சும் இடத்துக்குள் அடக்குவோம். எத்தனை என்று கேட்கவே வேண்டாம்.

திரும்ப நிரம்பாமல் இருக்க

கிழமைக்கு ஒரு நாள் வீடு கழுவுவதைச் சைவ வீடுகளில் பெரும்பாலும் வெள்ளிக்கு முன்னரோ வெள்ளி காலையிலோ செய்வார்கள், வேதக்கார (கிறிஸ்தவ) வீடுகளில் சனிக்கிழமை. அதே நாளில் வளவை ஒரு சுற்று வந்து தண்ணீர் தேங்கியதைக் கவிழ்த்துவிடுங்கள். அந்தக் கிழமை வீட்டுக்குள் வந்த புதுச் சாமான் எதுவோ அதற்கு ஓர் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இடம் இல்லையென்றால் ஏதோ ஒன்று போக வேண்டும். பிளாஸ்டிக்கை முற்றத்தில் கொளுத்தாதீர்கள். பிரதேச சபை உழவு இயந்திரம் வராத ஊராக இருந்தால் போத்தலையும் இரும்பையும் ஒரு பையில் சேர்த்து வைத்து, வாங்குபவர் வரும்போது கொடுங்கள். கொடுக்கும் முன் பெரியவர்களை ஒருமுறை கூப்பிட்டுக் காட்டுங்கள். பெற்றோல்மக்ஸ் விடயம் நினைவிருக்கட்டும்.

அம்மாவின் உரப்பைக் கணக்குக்கு வருகிறேன். 43இலிருந்து எத்தனை என்று கேட்டபோது முதலில் 40 என்றார். இரண்டு நாள் கழித்து 25. கடைசியில் 12க்கு ஒத்துக்கொண்டார், அதுவும் நல்ல பையாகத் தானே தெரிந்தெடுப்பேன் என்ற நிபந்தனையோடு. அவை இப்போது பத்தியில் ஒரு கம்பியில் தொங்குகின்றன. மற்ற 31உம் ஊருக்குள் போய்விட்டன, சிலது மாட்டெருவுக்கு, சிலது பக்கத்து வளவு வேலியில் ஓட்டை அடைக்க. புரட்டாசியில் எண்ணினேன், 13 இருந்தது. அம்மாவைப் பார்த்தேன்.

"அது உரப்பை இல்லை பிள்ளை, சீனிப்பை" என்றார்.